நிரோவின் பன்னிரண்டு ஜீபி கார்டு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் கண்ணுக்குத் தெரியவில்லை, ஹாரன் சத்தம் மட்டும். கடைக்குள்ளும் மூடுபனி வந்து உட்காருகிறது. கண்ணாடி அலுமாரியில் உள்ள கார்டுப் பெட்டிகளுக்கு ஈரம் உறிஞ்சும் பொட்டலம் மாற்றினேன்.

பிரிண்டர் ரிப்பேர், 2. பள்ளிக்கூடப் பிள்ளையின் லேப்டாப், கீபோர்டு முழுக்க பிளேன்டி தேத்தண்ணி. சீனியோடு. கழுவிக் காய வைத்திருக்கிறேன்.

மத்தியானம் மாமா வந்தார். நிரோ போன பிறகு அவளுடைய அப்பா கடைக்கு வருவது இதுதான் முதல் தடவை. தலவாக்கலையிலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. டிலானிக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமாம். அக்கா செய்த வேலையைத்தான் தங்கச்சியும் படிக்கிறாள், வீடு கட்டுமுன் அதைத் திரையில் கட்டிக் காட்டுகிற வேலை. வகுப்பு கண்டியில்.

"கார்டு இல்லாம படம் ஓடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்களாம். என்ன கார்டோ நமக்கு வெளங்கல. நல்லதா ஒண்ணு பாத்துப் போட்டுக் குடுங்க மாப்ள. சீட்டுக் காசு விழுந்திருக்கு."

கிராபிக்ஸ் கார்டில் இரண்டு மூன்று இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, எத்தனை வாட்டு இழுக்கும் என்று. தேயிலை பெக்டரியில் மோட்டார் பார்த்த மனிதர். தோட்டத்து லயத்தில் பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் கரன்ட் இறங்கிவிடும், பல்பு மஞ்சளாகிவிடும். அவர் கேட்டது சரியான கேள்வி. நிரோவின் கார்டு நூற்றெழுபது, அதைவிடக் குறைந்ததைப் போடுகிறேன் என்றேன்.

4060 — 8 ஜீபி. 115 வாட். மெமரிப் பாதை 128 பிட். புதுசு, கடையில் ஒன்று இருக்கிறது.
3060 — 12 ஜீபி. 170 வாட். 192 பிட். ஒரு தலைமுறை பழசு. ஸ்டாக் இல்லை.

எழுதிப் பார்த்தபோது மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. பார்க்க வேண்டிய ஒரு வேலை. ராத்திரிக்கு பாண், பருப்பு.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி லீவு. கடை பூட்டு. கீழே ரோட்டில் தன்சல் பந்தல், அவித்த கடலை கொடுக்கிறார்கள். வரிசை வளைந்து எங்கள் படிக்கட்டு வரை. வீட்டுக்கார அம்மா என்னையும் கூப்பிட்டார். போகவில்லை.

அறையிலேயே இருந்து இரண்டு கார்டின் சோதனை முடிவுகள் எல்லாம் படித்தேன். கேம் ஆடுகிறவர்கள் எல்லாரும் 4060 பக்கம். வேகம் கூட, கரன்ட் குறைவு. படம் வரைகிறவர்கள் பிரிந்து நிற்கிறார்கள். படம் சின்னதாக இருந்தால் 4060 முந்துகிறது. படம் பெரிதாகி 8 ஜீபியைத் தாண்டிவிட்டால் அந்த வேகத்தால் பிரயோசனம் இல்லை. கார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கட்டில் அதற்குள் போகாது.

இதே சண்டை இந்த அறையில் நடந்திருக்கிறது. புதுசை வாங்கு என்று நான். நிரோ அசையவில்லை. "வேகம் எனக்கு எதுக்கு? நான் என்ன பந்தயமா ஓடுறேன்? வீடு முழுசா உள்ள போகணும்." 3060 வாங்கினோம். அது அவளுடைய மெசினில் இருக்கிறது. மார்கழியில் அவள் தலைக்குள் நரம்பு வெடித்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்தான் ஆஃப் பண்ணினேன். பிறகு போடவில்லை.

அவள் கதிரை அவள் உயரத்துக்கே இருக்கிறது. உட்கார்ந்தால் என் முழங்கால் மேசையில் இடிக்கிறது. கீபோர்டில் கன்ட்ரோல், இசட் இரண்டும் மஞ்சள். சமையலுக்கு நடுவில் ஓடி வந்து பிழை திருத்துவாள்.

டிலானிக்கு போன் எடுத்தேன். அவள் செய்கிற ஃபைல் ஒன்று அனுப்பினால் அதை வைத்தே கார்டை சோதிக்கலாம் என்று சொன்னேன். அனுப்புகிறேன் என்றாள். எது உனக்குச் சரி என்று கேட்டதற்கு, "எதுன்னாலும் போடுங்க அத்தான்." வைத்துவிட்டாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தாத பிள்ளை. பரீட்சை நேரமோ.

துணி காயவில்லை. மூன்றாவது நாள்.

ஜூன் 11, புதன்

மழை விட்டு விட்டு.

டெஸ்ட் மேசையில் 4060 ஏற்றினேன். கேம் டெஸ்ட் அருமை. சத்தமே இல்லை. சூடு அறுபதைத் தொடவில்லை. கொழும்பில் என்றால் எழுபதுக்குப் போகும். இந்தக் குளிரால் யாருக்காவது நன்மை இருந்தால் கார்டுகளுக்குத்தான்.

டிலானியின் ஃபைல் திறந்தது. ஒரு சின்ன வீடு, பின்னால் தேயிலை மலை. செடியை ஒவ்வொன்றாக வைத்திருக்கிறாள், மலை உச்சி வரை. கடைசிப் படத்தை எடுக்கக் கொடுத்தேன். பாதியில் நின்றது. மெமரி போதவில்லை என்று சிவப்பு எழுத்து. திரும்பக் கொடுத்தேன், திரும்ப நின்றது. செடியின் தரத்தைக் குறைத்தால் ஓடுகிறது. ஆனால் மலை பச்சைக் களியாகிவிடுகிறது. அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு செடியைத் தொட்டேன், அதன் பெயர் ஓரத்தில் வந்தது. நிரோ_செடி_கடைசி_2. அவள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பெயர் வைப்பாள். கடைசி, கடைசி 2, உண்மையான கடைசி. தங்கச்சிக்கு எப்போதோ கொடுத்திருக்கிறாள். மலை முழுக்க அவள் செய்த செடி.

வெளியே போய் நின்றேன். நுவரெலியா பஸ் போனது. இன்னொன்று போனது. உள்ளே வந்தேன்.

முதலாளியிடம் 3060 எங்காவது கிடைக்குமா என்று கேட்டேன். அவருக்குப் பழைய மாடல் என்றாலே முகம் சுருங்கும். "பெட்டி பிரிக்காத புதுசு கையில இருக்கு. வாரண்டி இருக்கு. அத விட்டுட்டு யாரோ பாவிச்சத தேடுறீங்களே தம்பி." கண்டிக்கும் கொழும்புக்கும் போன் போட்டார். பாவித்ததுதான் இருக்கிறது, கிரிப்டோ காயின் தோண்டுகிறவர்கள் இரவு பகல் ஓட்டிக் களைத்தது. வேண்டாம்.

அப்போ 4060. கொஞ்சம் குறைத்து ஓட்டச் சொல்லலாம்.

ஜூன் 12, வியாழன்

மெசின் கட்டி முடித்தேன். வயரெல்லாம் பின்பக்கமாக எடுத்துக் கட்டினேன். யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும். கரன்ட் இறங்கினால் தாங்க ஒரு யூபிஎஸ்ஸும்.

மாமாவிடம் காசு வாங்குவது என்னவோ போலிருந்தது. எனக்கு அம்மா அப்பா இல்லை, அண்ணன் கட்டாரில். நிரோ போன பிறகு பதினாறு நாளும் என்னை உட்கார வைத்துச் சோறு போட்டது அவர்கள்தான். போன் எடுத்தேன்.

"காசு வேணாம் மாமா. இது நான் குடுக்குறது. டிலானிக்குத்தானே."

அந்தப் பக்கம் லயத்தில் யாரோ நாயை விரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "இத நீங்களா ஒரு நாள் சொல்லணும்னுதான் நாங்க வாயத் தொறக்காம இருந்தோம் மாப்ள."

அத்தையிடம் போனைக் கொடுத்தார். அத்தை அழுதார். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரச் சொன்னார். பெரியப்பாவும் வருவாராம்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இவ்வளவு அழுகையா. பெரியப்பா எதற்கு.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், நெருப்புப் பெட்டி, சாக்ஸ்.

ஜூன் 13, வெள்ளி

முதலாளி கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். விபூதியைத் தானே என் நெற்றியில் வைத்தார். ஆறு வருசத்தில் செய்ததில்லை.

"நல்ல முடிவு தம்பி. வருசத் தெவசத்துக்கு முன்னால பேசி வச்சுக்கிறதுதான் மொற."

என்ன முடிவு என்று கேட்டேன். சிரித்தார். "பரிசமா கம்ப்யூட்டரு. எங்க காலத்துல சீலையும் காசுந்தான்."

டிலானியின் பெரியப்பா நேற்று சாயங்காலம் பக்கத்துக் கடையில் வெற்றிலை பாக்கு வாங்க வந்திருக்கிறார். வாங்கும்போதே பஜார் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

காசு வேண்டாம் என்றேன். நான் குடுக்குறது என்றேன். டிலானிக்குத்தானே என்றேன். மூன்றும் என் வாயிலிருந்து வந்தவை. எங்கள் பக்கத்தில் ஒரு ஆண், கலியாணமாகாத பெண்ணுக்கு இவ்வளவு பெரிய சாமான் கொடுத்தால் அதற்கு ஒரே பெயர்தான். அக்கா போனால் தங்கச்சியைக் கேட்பதும் புதுசில்லை. என் சித்தப்பா அப்படித்தான் கட்டினார். யாரும் கொடுமை என்று நினைத்துச் செய்வதில்லை.

எனக்கு இது தெரியாதா? தெரியும். வாட்டும் ஜீபியும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது போய் முழுக் காசையும் வாங்கிக்கொண்டால், பிள்ளையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றதாகிவிடும். அவளுக்குத்தான் கெட்ட பெயர். வாங்காவிட்டால் அவளுக்குக் கலியாணம்.

"எதுன்னாலும் போடுங்க அத்தான்." போயா அன்றே வீட்டில் அந்தப் பேச்சு இருந்திருக்கிறது. அவள் கார்டைப் பற்றிச் சொல்லவில்லை.

சாப்பிடவில்லை. கழுவிய லேப்டாப் காய்ந்துவிட்டது, வேலை செய்கிறது. எஸ் எழுத்து மட்டும் ஒட்டுகிறது.

ஜூன் 14, சனி

டிலானி கடைக்கு வந்தாள். தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தலை நனைந்திருந்தது. முதலாளி அவளைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டு, பாங்கு பூட்டியிருக்கும் சனிக்கிழமையில் பாங்குக்குப் போய்வருகிறேன் என்று எழும்பிப் போனார்.

கடை என்ன இவ்வளவு குளிர், கார்டெல்லாம் சுகமாகத் தூங்குகிறதா என்றாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபைல் ஓடிச்சா என்று கேட்டாள். 4060-ஐக் காட்டினேன். வேகம், வாட், சூடு எல்லாம் சொன்னேன். கடைசியில் மெமரி பத்தவில்லை என்றேன்.

"அக்காகிட்ட ஓடுச்சே."

மேசையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

அதற்குப் பிறகு சொன்னாள், என்னைப் பார்க்காமல், 4060-இன் விசிறியை விரலால் சுற்றிக்கொண்டே. "நான் வேணாம்னு சொன்னா அக்கா குடும்பத்தையே அறுத்துட்டான்னு பேசுவாங்க. படிப்பும் போயிரும், கண்டிக்கு போயித்தான் கெட்டான்னு. நீங்க சொன்னா உங்களத்தான் பேசுவாங்க. அதனால நான் ஒண்ணும் கேக்க வரல. உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

எனக்கும் அப்படி நினைப்பே இல்லை என்றேன்.

"தெரியும். நீங்க வாட்டுதான் நெனச்சிருப்பீங்க."

சிரித்தாள். நானும். என் சிரிப்புச் சத்தம் எனக்கே ஒரு மாதிரி கேட்டது.

போகும்போது வாசலில் குடையை விரித்துக்கொண்டு, "ஓ.எல் பரீட்சைக்கு கணக்கு சொல்லிக் குடுத்து தலையில குட்டுனவரு நீங்க. எனக்கு அதுக்கு மேல வராது அத்தான்."

பஸ் போகும்வரை பார்த்தேன். அவள் சொன்னதில் மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அக்காகிட்ட ஓடுச்சே. அதுதான் போகமாட்டேன் என்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

வெளிச்சம் வந்ததும் நிரோவின் மெசினைப் போட்டேன். மார்கழிக்குப் பிறகு முதல் தடவை. இடது விசிறி டக் டக் என்றது. அவள் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டினேன், நின்றது.

அவளுடைய வரைகிற சாஃப்ட்வேரைத் திறந்ததும் கடைசி ஃபைல் தானாக வந்தது, அவள் விட்ட இடம். யாரோ ஒருவருடைய ஏழு பேர்ச் காணியில் வீடு, கூரை இன்னும் போடவில்லை. எதையும் தொடவில்லை. டிலானியின் ஃபைலை மட்டும் திறந்து கொடுத்தேன். மெதுவாகத்தான் போனது. தேத்தண்ணி போட்டுக் குடித்து, உடுப்பு அயன் பண்ணி, திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. மலை முழுசாக. ஒரு செடி விடாமல்.

ஆஃப் பண்ணினேன். அவளுடைய ஃபைல்கள் டிஸ்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் இந்த மெசினின் ப்ராசசரில் சொந்தமாகக் கிராபிக்ஸ் கிடையாது. கார்டைக் கழற்றினால் திரையில் ஒன்றும் வராது. தெரிந்துதான் கழற்றினேன்.

விசிறியின் நடுவில் நீளமான முடி ஒன்று சுற்றியிருந்தது. ப்ளோவரைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன். சுத்தம் செய்யாமல் ஒரு கார்டை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. இதை அப்படியே கொடுத்தேன்.

4060-ஐப் பெட்டியில் போட்டுக் கடை அலுமாரியில் வைத்தேன். புது மெசினில் நிரோவின் கார்டு. கறுப்புப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தலவாக்கலை பஸ்.

லயத்தில் பாய் விரித்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டு, வாழைப்பழம், தேங்காய். மாமா வெள்ளை வேட்டி. பெரியப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அத்தை கதவோரம். டிலானி உள்ளே இருந்தாள், சீலை நுனி மட்டும் தெரிந்தது. சீலை கட்ட வைத்திருக்கிறார்கள்.

முதலில் மெசினைப் பூட்டுகிறேன் என்றேன். எல்லாரும் கல்யாண வீட்டில் அய்யரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மூடியைக் கழற்றிக் கார்டைக் காட்டினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது இதுதான்.

"மாமா, மத்த சாமானுக்கெல்லாம் நீங்க சொன்ன மாதிரி காச வாங்கிக்கிறேன். இந்தக் கார்டுக்கு காசு இல்ல. இது நான் குடுக்குறதும் இல்ல. இது நிரோவோடது. அக்கா தங்கச்சிக்கு குடுக்குறா."

பெரியப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போ இந்தத் தட்டு எதற்கு என்று கேட்டார்.

மாமா தட்டைப் பார்க்கவில்லை. கார்டையே பார்த்தார். "இது நூத்தி எழுபது வாட்டு இல்ல? கொறஞ்சதப் போடுறேன்னீங்களே."

"டிலானி படம் இதுலதான் முழுசா உள்ள போகும் மாமா."

அவர் தலையை ஆட்டினார். நெடுநேரம் ஆட்டினார். பிறகு தட்டை இழுத்து, ஒரு வெற்றிலை எடுத்து நரம்பு கிள்ளி, தானே மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"போடுங்கண்ணே. வெத்தல சும்மாவும் போடலாம்."

பெரியப்பா போட்டார். முகம் மட்டும் போகும்வரை சரியாகவில்லை. போகும்போது, படித்த மாப்பிள்ளைகளோடு பேசவே பயமாக இருக்கிறது என்று வாசலில் யாரிடமோ சொன்னார்.

அத்தை குங்குமம் கொண்டுவந்து மெசின் மூடியில் வைத்தார். இதில்தான் அவள் வேலை செய்தாளா என்று கேட்டார். இதில்தான் என்றேன். டிலானி சீலையை மாற்றிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். விசிறி டக் டக் என்றதும் விரல் மூட்டால் ஒரு தட்டு. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அடுப்படியில் தேத்தண்ணி தரும்போது அத்தை குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப நீங்க இனி வர மாட்டீங்களா மாப்ள?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அவதான் போயிட்டா. உங்களயும் விட்டுறக்கூடாதுன்னுதான் அப்படி நெனச்சோம். உங்கள இங்க வச்சுக்க வேற வழி எங்களுக்கு தெரியல."

தேத்தண்ணி சுட்டது. கையை மாற்றி மாற்றிப் பிடித்தேன். ஏதாவது சொல்ல வேண்டும். கார்டுக்கு அடிக்கடி சாஃப்ட்வேர் புதுப்பிக்க வேண்டும், அதற்கு நான்தான் வந்தாக வேண்டும் என்றேன். டிலானியே செய்துகொள்ளலாம், ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அவள் முன்னறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று அத்தை கேட்டார். மாசத்துக்கு ஒன்று என்றேன். சரி என்றார்.

பொழுது சாய்ந்து பல்பு மஞ்சளானது. யூபிஎஸ் ஒரு தடவை கத்தியது. மெசின் நின்றுவிடவில்லை. மாமா என்னைப் பார்த்தார். நல்ல கார்டு என்றார்.

கடைசி பஸ்.

ஜூன் 18, புதன்

மூடுபனி. மத்தியானம் வரை கடையில் லைட்.

4060 விற்றுவிட்டது. நுவரெலியாவில் கலியாண வீடியோ எடுக்கிறவர், சிங்கள ஆள். பழைய 12 ஜீபிதான் நல்லது என்று யாரோ சொன்னார்களாம், உண்மையா என்று கேட்டார். உங்கள் வேலைக்கு இதுதான் நல்லது என்றேன். அதுவும் உண்மைதான்.

முதலாளி கலியாணப் பேச்சை எடுக்கவில்லை. மதியம் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வந்தது. கத்தரிக்காய்.

டிலானி படம் அனுப்பினாள். வீடு, வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, பின்னால் மலை. பெரிதாக்கிப் பார்த்தேன். இலை இலையாகத் தெரிகிறது. கீழே ஒரு வரி: மேடம் செடி யார் செய்ததுன்னு கேட்டாங்க, சொன்னேன்.

அறைக்கு வந்து நிரோவின் மெசினில் சுவிட்சைப் போட்டேன். உள்ளே விசிறி சுற்றுகிறது. திரையில் சிக்னல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி, அங்கும் இங்கும் நகர்ந்துவிட்டு அணைந்தது. வேறு ஒரு கார்டு போட்டால் வந்துவிடும். கடையில் சும்மா கிடக்கிற 2 ஜீபியே போதும். போடலாம். இன்றைக்கு இல்லை.

சாக்ஸ் வாங்க மறந்துவிட்டேன்.

அத்தை போன் எடுத்தார். முதலில் சாப்பிட்டேனா என்றார். பிறகு, "மெசினுக்கு பின்னால ஒரு பச்ச லைட்டு விடாம எரியுது மாப்ள. நிப்பாட்டுனாலும் எரியுது. சின்னவ ஒண்ணும் இல்லங்கிறா. எனக்கென்னமோ நீங்க வந்து பாத்தாத்தான் மனசு ஆறும்."

கரன்ட் இருக்கும்வரை அந்த லைட் எரியும். எரியாவிட்டால்தான் பிழை.

சொல்லவில்லை. ஞாயிறு வருகிறேன் என்றேன்.